வாயை மூடாத தவளை

சாகச கேம்களில் கூடவே ஒட்டிக்கொண்டு வந்து உயிரை வாங்குகிற துணைப் பாத்திரம் தேவையா என்று கேட்டால், தேவையே இல்லை என்று கத்தியிருப்பேன். கத்துவது எனக்குப் புதிதில்லை. மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் பெயர் வாங்கியவன். எங்கள் கம்பெனி தயாரித்துக்கொண்டிருந்த கேமில் நாயகனின் தோளில் ஒரு தவளை உட்கார்ந்திருக்கும். வழி காட்டுவது அதன் வேலை. "தலைவரே, சாவி கிணத்துக்குள்ள கிடக்கு" என்று சொல்லும். சாவியை எடுக்கிற வரைக்கும் விடாது. நாயகன் சற்று சும்மா நின்றால் போதும், மறுபடி ஆரம்பித்துவிடும்.

வெளியாவதற்கு முன் ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது என் வேலை. அலுவலகத்தில் தவளைக்கு 'தொல்லை' என்று பெயர். வெளியாட்கள் சிலரிடம் கொடுத்து ஆடச் சொன்னோம். "இந்தத் தவளையை யாராவது மிதிங்கப்பா" என்று அவர்களும் எழுதினார்கள். எதையும் ஒரு தடவை சொல்லிவிட்டு அதோடு வாயை மூட வேண்டும் என்று யோசனை சொன்னதே நான்தான். மேனேஜரும் தலையாட்டினார். அடுத்த கூட்டத்தில் முடிவு என்றார்.

வீட்டில் நிலைமை வேறு. அக்கா லிஃப்ட் மெக்கானிக். வேலையின்போது ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. உடம்பு தேறிவிட்டது. பேச்சும் கிண்டலும் பழையபடி. விபத்துக்கு முன் நடந்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறது. பிறகு நடந்தது எதுவும் தங்குவதில்லை. ஞாபகப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் தினமும் காலையில் "நீங்க யாரும்மா?" என்று மரியாதையாகக் கேட்பாள். புதிதாக ஏதாவது ஒன்று மனதில் நின்றால் போதும், மீதிக்கும் நம்பிக்கை உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒன்றுக்காக அக்காவின் கணவரான மாமாவும் நானும் காத்துக்கிடந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆபீஸ் வேலையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ போட்டுக்கொண்டு திரும்பினால் என் நாற்காலியில் அக்கா. சத்தத்தைக் கூட்டி வைத்து ஆடிக்கொண்டிருந்தாள்.

"தலைவரே, ஏணி சாய்ஞ்சு கிடக்கு. நிமிர்த்துங்க."

"ஏணிக்கும் எனக்கும் ஆகாது தவளை" என்று சிரித்தாள்.

பாதி நிமிர்த்துவதற்குள் எதற்கு என்று மறந்துபோய் அப்படியே நின்றாள். நான் வாயெடுப்பதற்குள் தவளை சொன்னது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொன்னது. வார்த்தை அதேதான். ஆனால் ஒரு தடவை குஷியாக, ஒரு தடவை ரகசியமாக, ஒரு தடவை கொட்டாவி விட்டபடி. சலிப்பு மட்டும் எதிலும் இல்லை. நான் மூன்றாவது தடவை சொல்லும்போதே "இப்பத்தானேக்கா சொன்னேன்" என்று குரல் ஏறிவிடும், அவள் முகம் சுருங்கிப்போகும். தவளையிடம் அவள் முகம் சுருங்கவே இல்லை.

"டேய், நான் முடிச்சிட்டேன்டா."

விபத்துக்குப் பிறகு யார் உதவியும் கேட்காமல் அவள் முடித்த முதல் காரியம் அது.

இத்தனை நாள் தவளையின் இந்தக் குரல் ஜாலம் எப்படித் தெரியாமல் போனது? வெட்கக்கேடு, எங்கள் குழுவில் ஒருவரும் சத்தம் வைத்து ஆடுவதில்லை. ஒரே கட்டத்தை நாள் முழுக்க ஆடினால் காது புளித்துவிடும். அதனால் சத்தத்தை அணைத்துவிட்டு, தவளை பேசுவதைத் திரையின் அடியில் எழுத்தாகப் படிப்போம். வெளியாட்களுக்குக் கொடுத்ததும் சத்தம் சேர்க்காத பிரதிதான். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்.

கூட்டத்தில் நான்தான் முதலில் ஆரம்பித்தேன். "தவளை வாயை மூடக் கூடாது சார்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "மூடச் சொன்னதே நீதானேப்பா?"

"ஆமா சார். இங்க யாராவது அது பேசுறதைக் காதால கேட்டிருக்கீங்களா?"

ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். சத்தத்தைக் கூட்டி, நாயகனைக் கிணற்றடியில் சும்மா நிறுத்தினேன். தவளை சொல்லிக்கொண்டே போனது. மேனேஜர் முதலில் முறைத்தார், அப்புறம் உதட்டைக் கடித்தார், கடைசியில் சிரித்துவிட்டார். அக்காவைப் பற்றியும் சொன்னேன்.

"சரிப்பா" என்றார். "அணைக்க ஒரு பட்டன் வெச்சிடுவோம். பிடிக்காதவங்க அணைச்சுக்கட்டும். மத்தவங்களுக்கு அது பாட்டுக்குப் பேசட்டும்."

அக்கா தினமும் சாயங்காலம் ஆடினாள். தினமும் உட்கார்ந்ததும் "இது என்ன கேம்டா?" என்றுதான் கேட்பாள். நான் சொல்வேன். பல்லைக் கடித்துக்கொண்டாவது குரலை ஏற்றாமல் சொல்வேன்.

சில நாள் கழித்து, விட்டுப்போன வரிகளைப் பேச அந்தத் தவளைக் குரலுக்குச் சொந்தக்காரர் எங்கள் ஒலிப்பதிவு அறைக்கு வந்தார். தவளைக்குப் பின்னால் இருந்தது நரைத்த முடியும் பெரிய கைப்பையுமாக ஒரு அம்மா. ஒரே வரியை எதற்கு அத்தனை விதமாகப் பேசினீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு தடவை பேசினா போதும், நாங்க பிரதி எடுத்துக்கிறோம்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன். முதல் தடவையே புரிஞ்சவன் போயிட்டே இருப்பான் தம்பி. அஞ்சாவது தடவை கேக்கிறவனுக்குத்தான் நல்ல குரல் வேணும்."

கையெடுத்துக் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அக்காவின் கதையைச் சொன்னதும், நானே அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசட்டுமா என்று அவரே கேட்டார். போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "அக்கா, ஒருத்தங்க பேசணுமாம்" என்று மட்டும் சொன்னேன்.

"வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றார் அவர், தன் சொந்தக் குரலில்.

நீங்க யாரும்மா என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அட, தவளையா?" என்றாள் அக்கா. "நேத்து கிணத்துக்குள்ள இறங்கினோமே, சாவி கிடைச்சுதா இல்லையா? எனக்கு அது மட்டும் ஞாபகம் வரல."

சுவரைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டுப் பதறிப்போய் என்னைப் பார்த்தார்.

"பேசுங்க மேடம்," என்றேன். "நிறுத்தாதீங்க, பேசிட்டே இருங்க."