பாதியில் நிற்கும் பாட்டு

பாட்டு மறுபடியும் பாதியில் நின்றது. ஜெபதாஸ் சாலையோரம் ஒதுங்கி, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். திரையில் ஏதோ எழுதியிருந்தது. கண்ணாடி வீட்டில் இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெரிவது அந்த முக்கோணக் குறி ஒன்றுதான். அதை அழுத்தினார், பாட்டு வந்தது. "சனியன்" என்று சொல்லிவிட்டு மேலே நடந்தார்.

நெய்யூரில் இதே சாலையில்தான் தினமும் காலை நடை. ரப்பர் ஷீட் வியாபாரத்தை விட்ட பிறகு அவருக்கு இருக்கிற வேலைகள் மூன்று: நடப்பது, பாட்டுக் கேட்பது, கோபப்படுவது. மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யக்கூடிய மனிதர்.

கோபமெல்லாம் மகள் ரெனிஷா மேல். மஸ்கட்டில் நர்ஸ். போன வருஷம் லீவுக்கு வந்தவள், கூட வேலை பார்க்கும் வினோஜைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். வினோஜ் வீட்டார் அய்யாவழி என்ற வேறு வழிபாட்டுக்காரர்கள். ஜெபதாஸோ கிறிஸ்தவ சபைக் கமிட்டியில் முன் நாற்காலி. "இனி நான் ஒன்ன விளிக்கமாட்டேன்" என்றார். "அப்பா விளிக்காம நானும் விளிக்கமாட்டேன்" என்றாள் அவள். பிடிவாதத்தில் அப்பனை உரித்து வைத்தவள். நடுவில் நின்று இருவரையும் வைய மனைவி நேசம்மாள் உயிரோடு இல்லை. அன்றிலிருந்து அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு நின்றது. வாட்ஸ்அப்பில் இருந்த தன் படத்தைக்கூட மகள் ஒரு செம்பருத்திப் பூவாக மாற்றிவிட்டாள். ஜெபதாஸ் அந்தப் பூவை அடிக்கடி பெரிதாக்கிப் பார்ப்பார். பூ பூவாகவே இருக்கும். பிள்ளை மெலிந்திருக்கிறாளா, தூங்குகிறாளா, எதுவும் அதில் தெரியாது.

பாட்டு விஷயத்தில் அவர் பழைய ஆள். தக்கலையில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையில் துண்டுச்சீட்டில் பாட்டுகளை எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்து கேசட் வாங்கியவர். அந்தக் கேசட் ஓடினால் வீடு முழுவதும் அந்தப் பாட்டுதான், பிடிக்கிறதோ இல்லையோ. ரெனிஷா காலேஜ் போன வருஷம் தீப்பெட்டி அளவில் ஒரு பிளேயர் வாங்கி வந்தாள். காதை அடைத்துக்கொண்டு, சாப்பிடக் கூப்பிட்டால்கூடக் கேட்காமல், தானே சிரித்துக்கொண்டு இருந்தாள். அப்போது ஆளுக்கொரு பாட்டு என்று ஆனதுதான். கேசட்டுப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. பிறகு நூறு பாட்டு அடங்கிய சி.டி., மெமரி கார்டு என்று வந்து, கடைசியில் நேசம்மாள் போன பிறகு ரெனிஷாவே அப்பாவின் போனில் ஓர் ஆப்பைப் போட்டுத் தந்தாள்.

"இனி பாட்டு வாங்கவே வேண்டாம்ப்பா. உலகத்துல உள்ளது எல்லாம் இதுல உண்டு."

"இதுல நம்ம பாட்டு எது?" என்று கேட்டார் அவர். காசு கொடுத்து வாங்காத பாட்டு எப்படி நம்முடையதாகும் என்று அவருக்குப் புரியவில்லை.

"எல்லாம் நமக்குள்ளதுதான்" என்று சிரித்தாள்.

அந்த ஆப்தான் இப்போது படுத்துகிறது. முதலில் இயர்போனைக் குற்றம் சொல்லிப் புதிது வாங்கினார். அடுத்து டவரைக் குற்றம் சொல்லி, நம்பர் மாறாமல் சிம்மை மாற்றினார். கடைசியில் போனையே மாற்றினார். பழையதில் இருந்ததெல்லாம் அப்படியே ஏற்றித் தந்த புதுப் போனிலும் பாட்டு நின்றது. அன்று சாயங்காலமே மொபைல் கடைக்குப் படியேறினார். கடை நடத்துவது லிஜி. அவர் சபைப் பெண்தான், ரெனிஷாவோடு படித்தவள்.

"போன எனக்க தலையில கெட்டிட்டு நீ இருந்து சிரிக்கிய."

"மாமா, சும்மா கெடந்து சாடாதீங்க. பாட்டப் போடுங்க, பாப்போம்."

போட்டார். கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது. 'பாத்தியா, ஒன்ன கண்டதும் நல்ல பிள்ளையாயிட்டு' என்று அவர் சொல்ல வாயெடுக்கும்போதே பாட்டு நின்றது. வழக்கம்போல முக்கோணத்துக்கு விரல் போனது. லிஜி கையைப் பிடித்துக்கொண்டாள். திரையை வாசித்தாள். முகம் மாறியது.

"மாமா, இது ரிப்பேர் இல்ல. இந்தக் கணக்குல ஒரு நேரம் ஒரு போன்லதான் பாட்டு ஓடும். இப்ப வேற போன்ல ஓடுது. 'ரெனிஷா'ன்னு வருது. டூட்டி முடிஞ்சு வாறா போல."

ஜெபதாஸுக்குக் கோபம்தான் கைகொடுத்தது. "எனக்க பாட்ட அவ எதுக்கு நிறுத்துதா?"

"ஒங்க பாட்டா? கணக்கே அவளுக்குள்ளதாக்கும். மாசாமாசம் அவதான் பைசா கெட்டுதா. அவ கேட்டுட்டு இருக்கும்போ நீங்கதான் இத அமுக்கி அவளுக்க பாட்ட நிறுத்துதிய."

ஜெபதாஸ் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு வருஷமாக, தினமும், சனியன் என்று திட்டித் திட்டி அழுத்தியிருக்கிறார்.

"ஒரு தட்டு தட்டுனா ஒங்கள வெளிய ஆக்கிரலாம் மாமா," லிஜி மெதுவாகச் சொன்னாள். "அவ ஆக்கல்ல. வேணும்னா நான் ஒங்களுக்குத் தனிக் கணக்கு போட்டுத் தாறேன். பெறவு நிக்காது."

"ஒண்ணும் வேண்டாம்" என்று போனைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார். தெருவில் அவர் கண்ணைத் துடைத்ததை லிஜி பார்த்தாள். பார்க்காததுபோல இருந்துவிட்டாள்.

மறுநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே நடக்கக் கிளம்பினார். ஆப்பைத் திறந்தால், மகள் அந்த நேரம் கேட்கும் பாட்டின் பெயர் கீழே ஓடுகிறது. இத்தனை நாளும் அது அங்கேதான் ஓடியிருக்கிறது. முக்கோணத்தை அவர் தொடவில்லை. அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாக ஒருவருக்கு வழிவிட்டார். காதில் வெறும் இயர்போன், பாட்டு இல்லை. தெரிந்தவர்கள் எதிரே வந்தால் பாட்டுக் கேட்பதுபோலத் தலையை ஆட்டினார். மகள் கேட்பதெல்லாம் ஒரே கொட்டும் கூச்சலுமான பாட்டு என்று பெயரைப் பார்த்தே தெரிந்தது. 'இதையா கேக்கா' என்று முணுமுணுத்தார். ஆனாலும் அந்தப் பெயர் நகர்வதைப் பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது. டூட்டிக்குப் போகிறாள், நன்றாக இருக்கிறாள். செம்பருத்திப் பூ சொல்லாததை இது சொன்னது. பிள்ளை நிம்மதியாகக் கேட்கட்டும் என்று அந்த வாரம் முழுவதும் அப்படியே நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது போன் அடித்தது. செம்பருத்திப் பூ.

எடுத்துக் காதில் வைத்தார்.

"அப்பா?" ரெனிஷாவின் குரல். "அப்பாதானா? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்" என்றார். அது ஒன்றுதான் வந்தது.

அந்தப் பக்கம் ரெனிஷா அழுதாள். சின்ன வயதில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுவாளே, அதே அழுகை.

"ஏட்டி, கரையாத. என்னத்துக்குக் கரையுத?"

"ஒரு வாரமா எனக்க பாட்டு நிக்கவே இல்லப்பா."

அவர் கழற்றிய சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்தார்.

"டெய்லி டூட்டி பஸ்ஸுல போவும்போ டக்குன்னு நிக்கும். செரி, அப்பா எழும்பி நடக்கப் போயாச்சு, சொகமா இருக்குன்னு நெனச்சிட்டு எறங்கிப் போவேன். நீங்க நிறுத்தணும்னுதான் நான் பாட்டே போடுகது. திங்கக்கெழம நிக்கல்ல. நேத்தும் நிக்கல்ல. இனி யாரு மொதல்ல விளிக்கணும்னு பாக்க எனக்குத் தெம்பில்லப்பா."

"ஒனக்கு எடஞ்சலா இருக்கப்படாதுன்னு நெனச்சேன் மக்கா," ஜெபதாஸ் சொன்னார். "ஒனக்க பாட்ட நிறுத்துதது நான்னு எனக்கு இப்பதான் தெரியும்."

இருவரும் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஜெபதாஸ், ஒரு வருஷமாக வாயில் வராத பெயரைச் சொன்னார்.

"வினோஜ் சொகமா இருக்கானா?"

"இஞ்ச பக்கத்துலதான் நிக்காரு. பேசுதியளா?"

"குடு" என்றார்.

மறுநாள் காலை நடக்கும்போது தனக்குப் பிடித்த பாட்டைப் போட்டார். பாட்டில் மனம் போகவில்லை. எப்போது நிற்கும் என்றே காத்திருந்தார். இரண்டாவது சரணத்தில் நின்றது. ஜெபதாஸ் நடுரோட்டில் நின்று சிரித்தார். பிறகு முக்கோணத்தை அழுத்தி மகளின் பாட்டை நிறுத்தினார்.