இருபத்தொரு அங்குலம்

நீர்வேலிச் சந்தியில் பஸ் நின்றது. ஆனால் வினிபிரட் ஏறி முடிக்கும்வரை நிற்கவில்லை.

வலது காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மடங்காத இடது காலால் நிலத்தை உந்தப் பார்த்தாள். உள்ளேயிருந்து கொண்டக்டர் அடைக்கலநாதன் கையை நீட்டினான்.

"கையைத் தாங்கோ ரீச்சர். ஒரே இழுவை!"

"வேண்டாம் தம்பி. கொஞ்சம் பொறு."

"பொறுத்தா உள்ளுக்கிருக்கிற கோட்டு வழக்குக்காரர் என்னைத் திண்டுபோடுவினம்."

அவன் பக்கப் பலகையில் தட்டினான். அவள் காலைக் கீழே இழுத்துக்கொண்டதும் பஸ் நகர்ந்ததும் ஒன்றாக நடந்தன. அடுத்த பஸ் வந்து, அதில் இரண்டு பெண்கள் பின்னாலிருந்து தள்ள அவள் ஏறி, பட்டினத்துப் பெண் பாடசாலையை அடைந்தபோது பிள்ளைகள் செபம் முடித்து வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

தலைமை ஆசிரியை மார்கிரட் அம்மா வாசலில் நின்றார். அவருக்கு வினிபிரட்டின் தையல் வகுப்பில் குறையில்லை. நேரத்தில்தான் குறை.

"வினிபிரட், பள்ளிக்கூட மனேச்சர் உம்மடை இடத்துக்கு வேறை ஒரு ஆளைப் பாத்து வைச்சிருக்கிறார். இன்னும் ஒருக்கால் பிந்தினீரோ, என்னாலை மறிக்கேலாது. பட்டினத்திலை ஒரு அறை எடுத்து இருந்தால் என்ன?"

"ஐயா படுக்கையிலை, அம்மா. இரவிலை ஆர் பாக்கிறது?"

தகப்பனும் மகளும் சாப்பிடுவது அந்தச் சம்பளத்தில்தான் என்பது மார்கிரட் அம்மாவுக்கும் தெரியும்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஓடிய பஸ்களில் பெரும்பாலானவை, லொறிக்கென்று கப்பலில் வந்த இரும்புச் சட்டத்தின்மேல் இங்கே மரத்தால் கூடு கட்டியவை. மூட்டைகளைத் தோளிலிருந்து நேரே தள்ளிவிட வசதியான உயரம் அது. மனிதர் ஏறுவதற்காகக் கதவுக்குக் கீழே ஒற்றைப் படி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிப் பாய்ந்து ஏறினார்கள். சேலை உடுத்த பெண் அந்தப் படியில் கால் வைப்பதென்றால் கெண்டைக்கால் தெரியும்வரை சேலையைத் தூக்க வேண்டும். அல்லது கொண்டக்டரிடம் கையைக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் சம்மதியாத பெண்கள் வீட்டில் இருந்தார்கள். நீர்வேலி மகாதேவி ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் கைக்குழந்தையை முதலில் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பிறகுதான் தான் ஏறுவாள். குழந்தை வீரிட்டு அழும். எல்லோரும் அதைக் குழந்தையின் குணம் என்று நினைத்தார்கள்.

சனிக்கிழமை வினிபிரட் மாட்டுவண்டிலில் அச்சுவேலிக்குப் போனாள். அவள் ஏறும் பஸ்ஸின் முதலாளி சீவரத்தினத்தின் வீடும் பஸ் கொட்டகையும் அங்கே இருந்தன. கழுவிய பஸ் காய்ந்துகொண்டிருந்தது. அவள் அவரிடம் போகுமுன் பஸ்ஸிடம் போய், தையல் நாடாவை எடுத்து நிலத்திலிருந்து படிவரை பிடித்தாள்.

"பஸ்ஸுக்குச் சட்டை தைக்கப்போறியளோ ரீச்சர்?" என்று சீவரத்தினம் சிரித்தபடி வந்தார்.

"இருபத்தொரு அங்குலம், முதலாளி. உங்கடை வீட்டு வாசல்படி என்ன உயரம்?"

"ஆருக்குத் தெரியும்? ஏறுறம், இறங்குறம்."

"ஏழு அங்குலம். வரேக்கை அளந்தனான்."

முதலாளியின் சிரிப்புக் குறைந்தது. "எஞ்சின் சீமையிலை இருந்து வந்தது. முதல்தர மெசின். உதிலை குறை சொன்ன ஆள் இல்லை."

"எஞ்சினை நான் சொல்லேல்லை. படியைச் சொல்லுறன்."

"இத்தனை வருசத்திலை ஒரு பொம்பிளையும் வந்து முறையிடேல்லையே."

"ஏறாத ஆக்கள் எப்பிடி முறையிடுறது?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கீழே இன்னொரு படி தொங்கவிட்டால் கல்லில் அடிபடும் என்றார். பாரம் கூடும் என்றார். கடைசியில், "ஏலாத ஆக்களுக்கு வண்டில் இருக்குத்தானே," என்றார். தான் சொன்னது தனக்கே பிடிக்காதவர்போல உடனே உள்ளே போய்விட்டார்.

வினிபிரட் வீட்டுக்கு வந்து, மண்ணெண்ணெய்த் தகரங்கள் வரும் மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, மேலே வேப்பம் பலகை வைத்து ஆணி அறைந்தாள். ஏறி நின்று ஆட்டிப் பார்த்தாள். ஆடியது. மூலைகளுக்குச் சட்டம் வைத்து மறுபடி அறைந்தாள். பிறகு கிணற்றுக் கயிற்றில் ஒரு துண்டு வெட்டிப் பெட்டியில் கட்டினாள்.

திங்கள் காலை சந்தியில் பெட்டியை வைத்து, அதில் ஏறி, அங்கிருந்து படியில் ஏறி, யார் கையும் படாமல் உள்ளே போனாள். பிறகு குனிந்து கயிற்றை இழுத்துப் பெட்டியை மேலே எடுத்து, இருக்கைக்குக் கீழே தள்ளினாள்.

"ரீச்சர் தண்ணி அள்ளுறா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பஸ் முழுதும் சிரித்தது.

"ஊத்து நல்லா இருக்கோ ரீச்சர்?"

"ஓம். உங்களுக்கும் ஒரு வாளி வேணுமோ?" என்றாள்.

புதன்கிழமை மகாதேவியும் அந்தப் பெட்டியில் கால் வைத்தாள், குழந்தையை இடுப்பில் வைத்தபடியே. வெள்ளிக்கிழமை வயதான ஒருவர், யாரும் பார்க்கவில்லை என்ற எண்ணத்தில், அதில் ஏறிப் போனார். ஆட்கள் கூடக்கூட பஸ் சந்தியில் நிற்கும் நேரமும் கூடியது. முதலாளிக்குச் செய்தி போயிற்று.

அடுத்த செவ்வாய் அடைக்கலநாதன் கதவை மறித்து நின்றான்.

"பெட்டி ஏத்தக்கூடாதாம் ரீச்சர். முதலாளியின்ரை ஓடர். இடம் பிடிக்குதாம்."

வினிபிரட் அதற்குள் வலது காலைப் படியில் வைத்துவிட்டாள். இடது கால் பெட்டியில் இருந்தது. பெட்டி பின்சக்கரத்துக்கு நேர் முன்னால் இருந்தது. கயிற்றைக் கைமணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"அப்ப நான் இப்பிடியே நிக்கிறன்."

"ரீச்சர், பஸ் எடுக்கேலாது!"

"ஓம். எடுக்கேலாது."

அவளுக்கு வியர்த்தது. பாடசாலை மணி அடிக்க இருக்கும் நேரத்தை அவள் அறிவாள். இன்று பிந்தினால் நாளை அந்த வகுப்பில் வேறொருத்தி நிற்பாள் என்பதையும் அறிவாள். இறங்கிப் பெட்டியைச் சந்தியில் விட்டுவிட்டு அவன் கையைப் பிடித்தால் இன்றைய நாள் தப்பும். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அந்தக் கையைத்தான் பிடிக்க வேண்டும். அவள் அசையவில்லை.

உள்ளே சத்தம் எழுந்தது. "அவவை இறக்கு!" என்றார் ஒருவர். "பெட்டியை ஏத்தன், உனக்கென்ன?" என்றார் இன்னொருவர். சாரதி ஹோர்னை அமுக்கிக்கொண்டே இருந்தார். முன் இருக்கையில் ஆழ்வாப்பிள்ளை எழுந்தார். அயலவனோடு வேலி எல்லை வழக்கில் பல வருடமாகக் கோட்டுக்குப் போய்வருபவர், அன்று விசாரணை நாள்.

"எடேய் அடைக்கலம், உங்கை என்னடா கூத்து?"

"முதலாளி சொன்னவர் ஐயா. இடமில்லை."

"எனக்காக வழக்குப் பேசுற பிறக்கிராசி கோட்டு வாசலிலை நிண்டு என்னைத் தேடப்போறார். வழக்குக் கூப்பிடேக்கை நான் இல்லாட்டி எதிராளிக்குத் தீர்ப்பு. அவன் என்ரை பத்து முழக் காணியையும் தின்னுவான். உன்ரை முதலாளி வந்து வேலியை அடைச்சுத் தருவாரோ?"

அவர் கொண்டக்டரைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு இறங்கினார். "நீர் ஏறும் பிள்ளை," என்றார். வினிபிரட் ஏறினாள். அவர் பெட்டியைத் தூக்கி உள்ளே போட்டு, தானும் ஏறி, அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இந்தா. என்ரை மடியிலை இருக்குது. என்ரை மடியும் முதலாளியின்ரை இடமோ?"

பஸ் புறப்பட்டது.

வினிபிரட் பாடசாலைப் படலையைத் திறந்தபோது காவற்காரன் மணிக்கயிற்றை நோக்கி நடந்துகொண்டிருந்தான். அவன் கயிற்றைப் பிடிக்குமுன் அவள் வகுப்பில் நின்றாள். மார்கிரட் அம்மா விறாந்தையில் கடந்து போகையில் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

சீவரத்தினத்துக்கு வழக்காடுபவர்கள்தான் மழைக்கும் வெயிலுக்கும் மாறாத பயணிகள். அன்று மாலையே ஆழ்வாப்பிள்ளையும் வேறு சிலரும் அச்சுவேலியில் இறங்கி அவரைக் கண்டார்கள். என்ன பேசினார்கள் என்பது ஊருக்குத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து பஸ் சந்திக்கு வந்தபோது, பழைய படிக்குக் கீழே இரும்பால் இன்னொரு படி தொங்கியது. முதலாளியே முன் இருக்கையிலிருந்து இறங்கி வந்தார்.

"இப்ப சரிதானே ரீச்சர்? இனிப் பெட்டி தேவையில்லை."

வினிபிரட் பெட்டியைக் கொண்டுதான் வந்திருந்தாள். அதை ஒருபுறம் வைத்துவிட்டு இரும்புப் படியில் கால் வைத்தாள். உயரம் சரியாக இருந்தது. மடங்காத காலையும் பக்கத்தில் எடுத்து வைத்தாள். அடுத்த படிக்கு உந்துவதற்காகக் கையை நீட்டினாள். புதிய படியைக் கதவின் பின்னோரத்தில் பொருத்தியிருந்தார்கள். அவள் வழக்கமாகப் பிடிக்கும் முன்பக்க நிலை எட்டாத தூரத்தில் இருந்தது; பின்பக்கம் வழுவழுப்பான பலகை. கை வெறும் காற்றைப் பிடித்தது. ஒருகணம் தள்ளாடி, இருக்கையின் விளிம்பைப் பற்றி உள்ளே ஏறினாள்.

எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"படி நல்லாயிருக்கு முதலாளி," என்றாள். "பிடிக்க ஒண்டும் இல்லை."

"இனிக் கட்டிலும் மெத்தையும் கேப்பியள்."

"கட்டில் வேண்டாம். கதவோரத்திலை ஒரு கம்பி போதும். நாளைக்கு ஆராவது விழ முதல்."

சீவரத்தினம் கீழே நின்று படியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு தானே இரும்புப் படியில் கால் வைத்து ஏறப் பார்த்தார். அவர் கையும் பிடி தேடி அலைந்தது.

இறங்கி நின்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்:

"எந்த உயரத்திலை வேணும்?"

வினிபிரட் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு கதவருகே வந்தாள்.