ரப்பர் காதுக்கு வலிக்கவில்லை

எங்கள் கம்பெனியில் இயர்போன்களை வடிவமைப்பவருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் சிற்பி. அவர் மேஜைமேல் ஒரு ரப்பர் காது இருக்கும். புது இயர்போனை அதில் செருகி, நாலடி தள்ளி நின்று, "ஆகா, என்ன பொருத்தம்!" என்று உருகுவார். ரப்பர் காது எதிர்த்துப் பேசாது. அதனால்தான் இருவருக்கும் அவ்வளவு ஒட்டுதல்.

என் காது வாயுள்ள காது. நாள் முழுக்க இயர்போனை மாட்டிக்கொண்டு, எங்கே உறுத்துகிறது என்று சொல்வதுதான் என் வேலை. வீட்டுக்காரருக்கு வேலை போனதிலிருந்து எங்கள் வீட்டு அடுப்பு இந்தக் காதுகளை நம்பித்தான் எரிகிறது.

இந்தத் தடவை வந்தது உயர்ரக மாடல். பளபளவென்று உலோகம், நல்ல கனம், காதுக்குள் உட்காரும் இடத்தில் கூரான ஒரு விளிம்பு. அரை மணி நேரத்தில் காது பழுத்துவிட்டது. மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நாளில்கூட அது அப்படிச் சிவந்ததில்லை.

"சார், இந்த விளிம்பைக் கொஞ்சம் மழுக்கினா போதும்" என்றேன்.

"அதுலதாம்மா அழகே இருக்கு."

"வலிக்குது சார்."

"இதுக்கு வலிக்கலையே!" என்று ரப்பர் காதைக் காட்டினார். "உங்க காதுலதான் ஏதோ கோளாறு."

கோளாறான காதை வைத்துக்கொண்டு சோதனை செய்ய முடியாதாம். மாதக் கடைசியோடு என்னை நிறுத்திவிடச் சொல்லி மேலே எழுதியும் விட்டார்.

அந்த வாரமே அறிமுக விழாவுக்கு ஒத்திகை பார்க்க முதலாளி வந்தார். இயர்போனை மாட்டி, அதில் பாட்டை ஓடவிட்டுப் பேச ஆரம்பித்தவருக்குப் பாதிப் பேச்சில் கண்ணீர் முட்டியது. "பாருங்க, பாட்டு சாரை உருக்கிடுச்சு!" என்று சிற்பி கைதட்டினார்.

"யோவ், காது வலிக்குதுய்யா!" முதலாளி அதைப் பிடுங்கி மேஜையில் போட்டார். "இதை யாரு போட்டுப் பார்த்தது?"

போகிற வேலைதானே என்று எழுந்தேன். "நான்தான் சார். வலிக்குதுன்னு சொன்னேன். காது கோளாறுன்னு என்னை நிறுத்தச் சொல்லிட்டாங்க."

முதலாளி சிற்பி பக்கம் திரும்பினார். "அப்போ என் காது?"

சிற்பி இழுத்தார். "அது... போகப் போகப் பழகிடும் சார்."

"நீங்க போட்டுப் பார்த்தீங்களா?"

ஊரார் காதுக்கெல்லாம் அளவெடுத்தவர், அதை ஒரு தடவைகூடத் தன் காதில் வைத்ததில்லை.

"இப்போ போடுங்க. இவங்க வேலையில யாரும் கை வைக்கக் கூடாது. சாப்பிட்டுட்டு வந்து இவங்கதான் உங்க காதைப் பார்ப்பாங்க. இவங்க சொன்னாத்தான் கழட்டணும்."

சிற்பி மாட்டிக்கொண்டார். "சுகமா இருக்கு சார்" என்று பல்லைக் கடித்தபடி சிரித்தார்.

நான் போய்ச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். எப்போதும் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிறவள், அன்று ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று சாப்பிட்டேன்.