அணைத்து வைத்த அடுக்கு

முதலில் சாலைகளை அணைப்பேன். திரையின் இடது ஓரத்தில் ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஒரு சின்னக் கட்டம், அதற்குள் ஒரு டிக். ‘சாலைகள்’ என்ற பெயருக்கு முன்னால் இருக்கும் டிக்கை எடுத்தால் ஊரின் அத்தனை தெருக்களும் ஒரே மூச்சில் இல்லாமல் போகும். வீடுகள் போக வழியில்லாமல் அங்கங்கே மிதக்கும். அடுத்து வீடுகள். பிறகு மரங்கள், விளக்குக் கம்பங்கள், எல்லைகள். கடைசியில் வெள்ளைத் திரையில் நீலக் கோடுகள் மட்டும் மிஞ்சும். யாரும் குடியிருக்காத, யாரும் நடக்காத ஒரு நிலத்துக்கு அடியில் தண்ணீர் மட்டும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பதைப் போல. அதைப் பார்த்துக்கொண்டே மதியம் முழுக்க உட்கார்ந்திருப்பேன். என் மனைவி போய் அப்போது ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அவள் குடிநீர் அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் இருந்தாள். மண்ணுக்குள் எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த இடத்தில் எதை மூடினால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து வைப்பது அவள் வேலை. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். இரண்டு பேரும் நாள் முழுக்கக் கோடுகளைப் பார்த்துவிட்டு வந்து, கண்ணில் ஈரத்துணி போட்டுக்கொண்டு ஒரே கட்டிலில் படுத்திருப்போம். “உங்களுக்கு ஒரு எழுத்து விட்டுப்போனா படிக்கிறவன் சிரிச்சிட்டுப் போயிடுவான். எனக்கு ஒரு கோடு விட்டுப்போனா தெருவே குளமாயிடும்” என்பாள். என் வேலையைக் கொஞ்சம் மட்டம்தட்டுவதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

உடம்புக்கு முடியாமல் போனதும் அலுவலகத்துக் கம்ப்யூட்டரையே வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். படுக்கையறை ஜன்னலோரம் மேசை. எனக்கும் கற்றுக்கொடுத்தாள். ஒவ்வொரு அடுக்கும் ஒரு கண்ணாடித் தாள் மாதிரி. பட்டியலில் மேலே இருப்பது படத்திலும் மேலே இருக்கும், கீழே இருப்பதை மறைக்கும். எதையும் அழிக்க வேண்டாம், டிக்கை எடுத்தால் போதும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உள்ளே அப்படியே இருக்கும். இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு விசேஷமும் இல்லை. நான்தான் இப்போது அதற்கு விசேஷம் கொடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் பட்டியலில் ஒரு சிவப்பு அடுக்கு இருந்தது. ‘பழைய குழாய்கள்’ என்று பெயர். ஊரின் மிகப் பழைய இரும்புக் குழாய்களுக்கு அலுவலகத்தில் படமே கிடையாது. போட்டவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், காகிதங்கள் எங்கேயோ நனைந்து மட்கிவிட்டன, குழாய்களில் மட்டும் இன்னும் தண்ணீர் ஓடுகிறது. கடைசி எட்டு மாதம் அவள் இந்த வேலையைத்தான் எடுத்துக்கொண்டாள். காலையில் அலுவலக ஜீப் வரும். அதில் களப்பணியாளர் ஒருவர் இருப்பார். இருபது வருடமாக ஊரின் வால்வுகளைத் திறந்து மூடுகிறவர் என்பதால் அவர் பெயரே வால்வு என்றாகிவிட்டது. இவளை அக்கா என்பார், அந்த முறையில் என்னை மாமா என்பார். இரண்டு பேரும் தெருத்தெருவாகப் போய், ஒரு நீள இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மேல்முனையில் இருக்கும் கிண்ணத்தில் காதை வைத்து, அடியில் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்பார்கள். சத்தம் போகும் வழியே சுண்ணாம்புப் புள்ளி வைத்துக்கொண்டே நடப்பார்கள். மதியம் திரும்பி வந்து, மூச்சு வாங்க, மாத்திரை போட்டுக்கொண்டு, அந்தப் புள்ளிகளைச் சிவப்புக் கோடாக்குவாள்.

“இருக்கிற நாள்ல வீட்ல இருக்கக் கூடாதா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வீட்ல இருந்தா நான் நோயாளி. தெருவுல இருந்தா எனக்கு வேலை இருக்கு” என்றாள். செருப்பின் வாரை மாட்டக் குனிந்தவளுக்கு நிமிர முடியவில்லை. நான் மாட்டிவிட்டேன். ஜீப் வந்து நின்றது.

எனக்கு அந்தச் சிவப்பைப் பிடிக்கவில்லை. அதுதான் உண்மை. நீலக் கோடுகளைப் பார்த்தால் அவள் நல்லபடியாக இருந்த வருடங்கள் தெரியும். சிவப்பைப் பார்த்தால் ஒவ்வொரு வளைவிலும் அவள் என்னிடம் இல்லாத ஒரு காலைப்பொழுது தெரியும். அவள் போய் ஒரு மாதம் கழித்து ஒருநாள் அந்த டிக்கை எடுத்தேன். அப்போதும் பெயர் பட்டியலில் இருந்தது. அதையும் பார்க்கப் பொறுக்காமல் மவுஸால் இழுத்து, எல்லாவற்றுக்கும் அடியில் ‘சோதனை’ என்று பெயர் வைத்து அவள் வேண்டாத அடுக்குகளைச் சேர்த்திருந்த கட்டுக்குள் போட்டு, அந்தக் கட்டையும் மூடிவிட்டேன். வெளியே வரும்போது மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது. திருத்தியதைச் சேமிக்காமல் எழுந்து பழக்கமில்லாத கை. ஆம் என்று அழுத்தியது.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து வந்து கம்ப்யூட்டரை எடுத்துப் போனார்கள். மேசையில் அது இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் சதுரமாகத் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து, அச்சகத்துக்குப் போகும் வழியில் மூன்று தெருக்களில் ஆட்கள் வாளிகளோடு நிற்பதைப் பார்த்தேன். தெரு முனையில் ஒரு பெரிய பள்ளம், அதில் செம்மண் தண்ணீர், மேலே மிதக்கும் ஒற்றைச் செருப்பு. சாலை போட வந்தவர்கள் தோண்டியபோது ஏதோ குழாய் உடைந்துவிட்டது என்றார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சுற்றிக்கொண்டு போய்விட்டேன்.

மூன்றாம் நாள் மாலை வால்வு வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

“அக்கா ஏதாச்சும் நோட்டுல எழுதி வெச்சிருக்காங்களா மாமா?”

“எதுக்கு?”

“அந்த உடைஞ்ச குழாய் படத்துல இல்லயாம். தோண்டறவங்களுக்கு நாங்க குடுத்த படத்துல அந்த இடம் சும்மா வெள்ளையா இருக்கு. அக்கா போட்டாங்க. நான் பக்கத்துலயே நின்னேன். சொன்னா ஒருத்தரும் நம்பல. உடம்பு முடியாதப்ப செஞ்சது, விட்டுப்போயிருக்கும்ங்கறாங்க.” கையிலிருந்த தாளை மேசையில் விரித்தார். “கடைசி எட்டு மாசத்துல அவங்க செஞ்ச அத்தனையும் தள்ளிடப் போறாங்களாம். எல்லாத்தையும் புதுசா அளக்கப் போறாங்க. எஞ்சினியர் மேடம் நாளைக்குக் கையெழுத்துப் போடறாங்க.”

தாளைப் பார்த்தேன். சாலைகள், வீடுகள், மரங்கள், நீலம். சிவப்பு ஒரு இழைகூட இல்லை. திரையில் எது தெரிகிறதோ அதுதான் தாளில் வரும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். பதினோரு வருடம் அடுத்தவர் பிழைகளுக்குச் சுழி போட்டவன் நான். இந்தத் தாளில் எங்கே சுழிக்க வேண்டும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். டீ போட்டுக் கொடுத்தேன். நின்றபடியே குடித்தார்.

“நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க மாமா. ஆபீஸ்னா அப்படித்தான், செத்தவங்க மேல பழியைப் போட்டா யாரும் திருப்பிப் பேச மாட்டாங்கல்ல” என்றார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அலுவலகம் திறக்கும்போதே வாசலில் நின்றேன். எஞ்சினியர் என் மகள் வயதிருப்பார், எங்களுக்கு ஒரு மகள் இருந்திருந்தால். நாற்காலியை இழுத்துப் போட்டு, “உங்க வீட்டுக்காரம்மா மேல யாருக்கும் கோபம் இல்ல சார்” என்று ஆரம்பித்தார்.

“அவ எதையும் விட்டுடல. நான் அணைச்சேன்.”

அவருக்குப் புரியவில்லை. அவள் இடத்தில் இப்போது வேலை பார்ப்பவர் அந்தக் கோப்பைத் திறந்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, “கீழ போங்க, இன்னும் கீழ, அந்தச் சோதனைன்னு இருக்குல்ல, அதைத் திறங்க” என்றேன். ‘பழைய குழாய்கள்’ அங்கே இருந்தது. காலிக் கட்டம். அவர் டிக் போட்டார். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, மரத்துப்போன கையில் இரத்தம் திரும்புவதுபோல, ஊரின் ஒரு மூலையிலிருந்து சிவப்புக் கோடுகள் கிளை பிரிந்து ஏறி வந்தன. உடைந்த குழாய் உடைந்த இடத்திலேயே இருந்தது. கதவருகே வந்து நின்றிருந்த வால்வு தலையைக் குனிந்துகொண்டார்.

“எதுக்கு சார் அணைச்சீங்க?”

“பார்க்கப் பிடிக்கல.”

“குழாயையா?”

“அவ அதுக்குன்னு தெருவுல போய் நின்ன நாளையெல்லாம்.”

எஞ்சினியர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். மூன்று தெருக்காரர்கள் இரண்டு நாள் வாளி சுமந்ததை அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். திரையின் பக்கம் திரும்பி, கோடுகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். நேரான ஒரு தெரு. சிவப்புக் கோடும் நேராக வந்து, நடுத்தெருவில் காரணமில்லாமல் பிறைபோல ஒதுங்கி, பிறகு பழைய நேருக்கே திரும்பியிருந்தது. அவள் வரைந்த கடைசித் தெரு அது.

“நேர்த் தெருவுல குழாய் எதுக்கு வளையணும்?”

வால்வு தொண்டையைச் செருமினார். “அந்த இடத்துல ரெண்டு நாள் நின்னாங்க மேடம். என் காதுக்கு நேராத்தான் கேட்டுச்சு. சொன்னேன். அவங்க இல்லைனுட்டாங்க.”

எனக்கு அந்த வாரம் ஞாபகம் வந்தது. டம்ளர் அவள் கையில் நிற்காத வாரம். வலிக்குக் கொடுத்த மருந்தில் இமை பாதி மூடியே இருக்கும். “சுவத்துக்குள்ள தண்ணி ஓடுது, கேக்குதா?” என்று என்னைத் தொட்டுக் கேட்பாள். எங்கள் படுக்கையறைச் சுவருக்குள் குழாயே கிடையாது. ஆமாம் கேட்குது என்பேன். நிம்மதியாகத் தூங்குவாள். அந்தக் காதை நம்பித்தான் மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

“கோடு இருந்துச்சுங்கறது சரி” என்றார் எஞ்சினியர். “அது சரியான கோடான்னு தெரியணும்ல சார்? தெரியாத படத்தை வெச்சுக்கிட்டு இன்னொரு தெருவை நான் உடைக்க முடியாது. இந்த வளைவுலயே தோண்டிப் பார்த்துடுவோம். குழாய் நேரா ஓடிச்சுன்னா எட்டு மாசத்தையும் எடுத்துடறேன். வளைஞ்சிருந்தா ஒண்ணையும் தொடல.”

நியாயமான பேச்சு. இதைவிட அநியாயமாக ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து, வெயில் ஏறுவதற்கு முன் அந்தத் தெருவுக்குப் போனேன். இரண்டு பக்கமும் மாடி வீடுகள், சைக்கிள்கள், உலர்த்திய துணி. நிழலுக்கு ஒன்றும் கிடையாது. அவள் நின்ற இடம் எது என்று தேடினேன். தாரில் சுண்ணாம்புப் புள்ளி எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. வால்வு தாளைப் பார்த்து நாலு எட்டு வைத்து, குதிகாலால் தேய்த்துக் காட்டினார். குழாய் நேராகப் போனால் எங்கே இருக்குமோ அங்கேதான் முதலில் தோண்ட வேண்டும் என்றார் எஞ்சினியர். தாரைப் பெயர்த்தார்கள். கல், பிறகு சாம்பல் நிற மண், பிறகு மஞ்சள் மண். இரண்டு பேர் மாறி மாறி இறங்கினார்கள். இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை எதிலோ இறங்கி நின்றுவிட்டது. டங்கென்ற சத்தம் இல்லை. பழுத்த பழத்தில் கத்தி இறங்கினால் வருமே, அப்படி ஒரு ஓசை.

“குழாயா?” என்றார் எஞ்சினியர் மேலிருந்து.

உள்ளே இருந்தவர் கையால் மண்ணை வழித்தார். கருப்பாக, அகலமாக, ஒரு ஆள் கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத சுற்றளவில் ஏதோ தெரிந்தது. விளிம்பிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து மேலே நீட்டினார். வால்வு வாங்கி, முகர்ந்து பார்த்து, என் கையில் வைத்தார். நனைந்து இற்றுப்போன மரம். அழுத்தியதும் பழுப்புத் தண்ணீர் மணிக்கட்டு வழியாக முழங்கைவரை வழிந்தது. எப்போதோ, தெருவுக்குத் தார் வருவதற்கு முன்னால், ஒரு பெரிய மரம் இங்கே நின்றிருக்கிறது; குழாய் போட்டவர்கள் அதை வெட்டாமல் சுற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

“பக்கத்துல தோண்டுங்க, அந்த வளைவுப் பக்கம்” என்றார் எஞ்சினியர். குரல் தணிந்திருந்தது.

பள்ளத்தில் இருந்தவர் திரும்பி, அந்த அடிமரத்துக்கு வெளிப்புறமாக மண்ணை வெட்டத் தொடங்கினார். அங்கே மண் கருத்து ஈரமாக இருந்தது. வேலையாட்கள், வால்வு, எஞ்சினியர், மாடியிலிருந்து இறங்கி வந்த இரண்டு பெண்கள், பால் வாங்கப் போன ஒருவர் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரும் யாரையும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாரும் பள்ளத்திலிருந்து ஒரே அளவு தூரம் விட்டு, வட்டமாக நின்றிருந்தோம். ஏறிவிட்ட வெயிலில், தலைக்கு மேலே ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு பெரிய நிழலின் ஓரத்தில் நிற்பவர்களைப் போல.