அழகுமலை வாங்கிவந்த ரசீது

ஆர்த்திகாவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலை வந்தது. ஒத்தக்கடையில் சிமெண்ட் மூட்டை சுமக்கிற அழகுமலையின் மகளுக்கு இது கொஞ்சம் அதிகப்படி என்று தெருவில் சிலருக்கு வயிறு எரிந்தது. எரியட்டும். பி.காம். முடித்து, சி.ஏ. இன்டரையும் முதல் தடவையிலேயே பாஸ் பண்ணியவள் அவள்.

பசுமலை ஆடிட்டர் துளசிராமிடம் பயிற்சிக்குச் சேர்ந்தால் மாதம் ஐயாயிரம்தான். இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டி, கடைசிப் பரீட்சையும் எழுதிப் பாஸ் பண்ணினால் அவளும் ஆடிட்டர். இன்னொன்று, பெண்கள் குழுக்களுக்குக் கடன் கொடுத்து வாராவாரம் வசூலிக்கிற ஃபைனான்ஸ் கம்பெனி. சம்பளம் இருபத்திரண்டாயிரம், பெட்ரோல் தனி. ஒருநாள் வந்து வேலையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை அவளைக் கோச்சடைக்குக் கூட்டிப்போனவள் சத்யப்ரியா, கம்பெனியில் நாலு வருஷமாக வசூலுக்குப் போகிறவள். அங்கே அன்னக்கொடி என்கிற இட்லிக் கடைக்காரி இரண்டு வாரமாகத் தவணை கட்டவில்லை. சத்யப்ரியா சத்தமே போடவில்லை. குழுவின் மற்ற ஒன்பது பெண்களையும் வரவழைத்து அன்னக்கொடி வாசலில் உட்காரவைத்தாள்.

"இவங்க கட்டுற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது."

பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரமாயிற்று. ஒன்பது பேரும் அன்னக்கொடியைத் திட்ட ஆரம்பித்தார்கள், அன்று காலையில் அவளிடம் கடனுக்கு இட்லி வாங்கியவள் உட்பட. கடைசியில் அன்னக்கொடி இட்லிக் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு பழைய பாத்திரக் கடைக்குப் போனாள். காசோடு திரும்பியவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஐயாயிரமே போதும் சாமி என்று பஸ்ஸில் வரும்போதே ஆர்த்திகா முடிவு பண்ணிவிட்டாள்.

வீட்டில் அழகுமலை இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். கம்பெனி மேனேஜர் ராஜேஷ்குமார் போன் பண்ணி, ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் இடம் உறுதி என்றாராம். மகள் யோசிக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். யோசிக்கிற நேரத்தில் வேறு எவனாவது தட்டிக்கொண்டு போய்விடுவானோ என்றுதான் பயம். அரை நாள் கூலியை விட்டுவிட்டு ஃபைலோடு போய்க் கொடுத்திருக்கிறார். ஜாமீன் என்று காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறார், பாவி மனுசன்.

"சீல் வச்சு ரசீது குடுத்துருக்காகம்மா," என்று நீட்டினார். "எனக்குச் சேர் போட்டு உக்காரச் சொன்னாக."

ரசீது இங்கிலீஷில் இருந்தது. இரண்டு வருஷத்துக்குள் விலகினால் ஜாமீன்தாரர் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும், கட்டினால்தான் சர்டிபிகேட் திரும்பக் கிடைக்கும். அதை அவருக்குப் படித்துக் காட்டாமல் மடித்துப் பைக்குள் வைத்தாள். சேர் கொடுத்த சந்தோஷம் அவர் முகத்தில் அப்படியே இருந்தது.

மறுநாள் சர்டிபிகேட்டைத் திருப்பித் தரச் சொல்லி ராஜேஷ்குமாரிடம் கெஞ்சிப் பார்த்தாள். அவர் டீ வாங்கிக் கொடுத்து, ரசீதைக் கவனமாகப் படிக்கச் சொன்னார். துளசிராம் திங்கட்கிழமை வரை பொறுத்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்.

கம்பெனியில் சேர்ந்த மூன்றாவது மாதம் கோச்சடை ஆர்த்திகாவின் பொறுப்புக்கு வந்தது. கொப்பரை இல்லாத அன்னக்கொடி மறுபடி தவணை தவறியிருந்தாள். ஒன்பது பெண்களும் வாசலில் உட்கார்ந்தார்கள்.

"இவங்க கட்டுற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது," என்றாள் ஆர்த்திகா. குரல் நடுங்கும் என்று நினைத்தாள், நடுங்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. சாயங்காலம்வரை அங்கேயே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அழகுமலை கேட்டார்.

"ஆபீஸ்ல உனக்கும் சேர் குடுத்துருக்காகளாம்மா?"

"குடுத்துருக்காகப்பா," என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனாள்.