அதுதான் சார்

கிழவருக்கு வழியனுப்பு விழா என்று ஹாலைப் பேசி, கேக்குக்குச் சொல்லி, கேக்கின் மேல் சர்க்கரையில் ஒரு விமானமும் வரையச் சொல்லியாகிவிட்டது. அப்போது பார்த்து விதி மாறியது. விமானிகள் அறுபத்தைந்தில் இறங்க வேண்டியதில்லை, அறுபத்தேழு வரை ஓட்டலாம். விழாவை நிறுத்தினார்கள், கேக்கை நிறுத்த முடியவில்லை. பைலட்டுகளின் ஓய்வறையில் வைத்துக் கிழவரே அதை வெட்டினார். முதல் துண்டைத் துணை விமானியின் வாயில் திணித்து, "இன்னும் ரெண்டு வருஷம் நம்ம ஜோடியை யாரும் பிரிக்க முடியாது தம்பி" என்றார்.

துணை விமானி சிரித்துக்கொண்டே மென்றான். துப்புவதற்கு இடமில்லை.

அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. காதோரம் வெளுத்துவிட்டது. விமானத்தின் மூக்கில் இரண்டே சீட்டு. இடது பக்கம் கேப்டன், வலது பக்கம் துணை. தோளில் நாலாவது பட்டை, பெரிய சம்பளம், கடைசி வார்த்தை எல்லாம் இடது பக்கத்துக்கு. அங்கே இருப்பவன் ஓய்வு பெற வேண்டும், அல்லது ஆறு மாதத்துக்கொருமுறை வரும் தேர்வில் கோட்டை விட வேண்டும். அப்போதுதான் வலது பக்கத்துக்காரன் நகரலாம். அடுத்த முறை இவனுடையது என்று கம்பெனி முழுக்கத் தெரியும். கிழவர் எழுந்தால் இவன் உட்கார வேண்டியதுதான் பாக்கி. கிழவர் எழவில்லை.

கம்பெனியில் அவருக்கு 'ஆயுள் சந்தா' என்று பெயர். தலைக்கு மை, மீசைக்கு மை, புருவத்துக்கும் மை. வியர்த்தால் மூக்குக் கண்ணாடியின் விளிம்பு கறுக்கும். சங்கக் கூட்டத்தில் எழுந்து, "அனுபவத்தைக் கடையில வாங்க முடியுமாய்யா?" என்று மேசையைக் குத்துவார். இதே ஆள்தான் முப்பது வயதில் இதே சங்கத்தில், "அம்பத்தெட்டுக்கு மேல கண்ணு தெரியாது, காது கேக்காது, வீட்டுக்கு அனுப்புங்க" என்று குத்தியவர். அப்படி அனுப்பப்பட்ட ஒருவருடைய சீட்டில், சூடு ஆறுவதற்குள் போய் உட்கார்ந்தவர். கொள்கை இல்லாத மனிதர் என்று சொல்ல முடியாது. சீட்டுதான் அவர் கொள்கை, அதன் மேல்தான் எப்போதும் உட்கார்ந்திருந்தார்.

துணை விமானிக்கு வீட்டில் அப்பா வேறு. ஆயுசு முழுக்க லாரியோடு கிடந்தவர். முதலில் கிளீனர், பிறகு டிரைவர், ஆள் வராத நாளில் மூட்டை சுமப்பதும் அவரே. இடுப்பு மடங்கிய அன்று முதலாளி கையை நீட்டினார், இவர் சாவியைக் கொடுத்தார். ஓய்வு விழா முடிந்தது. மகன் விமானி என்பதில் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வாயில் பெருமை வந்தால்கூடக் கல்லாகத்தான் விழும்.

"ஏண்டா, இன்னும் கிளீனர்தானா?"

"அப்பா, நானும் ஓட்டறேன். பாதி நாள் நான்தான் கிளப்பறேன், நான்தான் இறக்கறேன்."

"நானும் கிளீனரா இருக்கும்போது வண்டி ஓட்டினவன்தான். டிரைவர் பக்கத்துல குறட்டை விடுவான். பேரு யாருக்கு? அவனுக்கு."

"விடுங்க மாமா, அவரே நொந்து போயிருக்காரு" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. பிறகு கணவனிடம், "ஆனா ஏங்க, அந்த ஆளுக்கு வீட்ல யாரும் சொல்ல மாட்டாங்களா, போதும் வந்து உக்காருன்னு?"

"வீட்ல அந்தக் கெழத்தை யாரு சார்னு கூப்பிடப் போறாங்க? அதுக்காகத்தான் இங்கயே ஒட்டிக்கிட்டிருக்கு."

"அடுத்த வாரம் டெஸ்டுன்னியே" என்றார் அப்பா. "அதுல உழுந்துட்டான்னா?"

"இந்த வயசுல உழுந்தா மறுவாய்ப்பு கிடையாது. நேரா வீடுதான். ஆனா உழ மாட்டான். மூணு தடவையா நான்தானே தாங்கிப் பிடிக்கறேன்."

அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். "மூட்டையைத் தள்ளி விடறதுதான் பாவம். தோளை எடுத்துக்கறதுக்கு என்னடா?"

அவனுக்குள் அது ஒட்டிக்கொண்டது.

சிமுலேட்டர் இருக்கும் கட்டடம் வெளியே பார்த்தால் தானியக் கிடங்கு. உள்ளே இரும்புக் கால்களின் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி. ஏறிக் கதவைச் சாத்தினால் விமானத்தின் மூக்கு அப்படியே இருக்கும். ஜன்னலுக்கு வெளியே ஓடுதளம் படமாக ஓடும். அங்கே விமானம் எரியும், குப்புற விழும், மலையில் மோதும். ஒருவனுக்கும் ஒரு கீறல் விழாது. இரண்டு பேரும் சேர்ந்துதான் தேர்வு எழுத வேண்டும். ஒருவன் தடுமாறினால் மற்றவன் எடுத்துக் கொடுக்கலாம். நல்ல துணை வாய்த்தால் கண் தெரியாதவன்கூடத் தரையிறங்கிவிடலாம்.

தேர்வு நடத்த வந்தவள் ஒரு பெண் கேப்டன். இவனுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து, வேறு கம்பெனிக்குத் தாவி, நாலு பட்டையோடு திரும்பி வந்தவள். இவனுக்கு அவளையும் ஆகாது. தாவப் பயந்தவனுக்குத் தாவியவளைக் கண்டால் எரியத்தானே செய்யும்.

முகம் கழுவிவிட்டு இவன் திரும்பியபோது அவளும் கிழவரும் தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவனைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். கெழம் காக்கா பிடிக்குது என்று நினைத்துக்கொண்டான்.

"ஞாபகம் இருக்கட்டும், தேர்வு ரெண்டு பேருக்கும்தான்" என்றாள் அவள். எப்போதும் சொல்வதுதான். இவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் சுற்றில் கிழவர் ஓட்டினார். இவன் தோளை எடுத்துக்கொண்டான். வேகம் குறைந்தது, சொல்லவில்லை. உயரம் நழுவியது, வாயைத் திறக்கவில்லை. "தம்பி, வேகம் எவ்ளோ?" என்று அவரே கேட்டபோது மட்டும், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். புருவ மை கரைந்து கண்ணாடியில் இறங்கியது. ஆனாலும் கிழவர் எப்படியோ தத்தளித்துத் தட்டுத்தடுமாறித் தரையைத் தொட்டுவிட்டார்.

இரண்டாம் சுற்றில் ஓட்டுவது இவன், சுவிட்சுகள் கிழவர் பொறுப்பு. மேலே ஏறி மேகம் தொடும் நேரம் மணி அலறியது. இடது இன்ஜினில் தீ. சிவப்பு விளக்கு இடது பக்கம்தான் எரிந்தது, குழந்தைக்குக்கூடத் தெரியும். எரிகிற இன்ஜினின் எரிபொருளை அறுக்க வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் சுவிட்சில் கை வைத்து இதுதானே என்று கேட்பார், மற்றவர் பார்த்து அதுதான் என்று சொன்ன பிறகுதான் இழுக்கலாம். தனி ஆளின் பதற்றத்தில் நல்ல இன்ஜினைக் கொன்றுவிடக் கூடாது என்பதற்காக வைத்த முறை.

கிழவரின் கை போனது. மோதிரம் போட்ட, தோல் சுருங்கிய கை. போய் வலது இன்ஜினின் சுவிட்சில் உட்கார்ந்தது.

"இதுதானே தம்பி?"

இவன் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். செத்தது கெழம், என்று உள்ளே ஒன்று குதித்தது. அப்பாவுக்குப் பதில், மனைவிக்குப் பதில், வாயில் திணித்த கேக்குக்குப் பதில் எல்லாம் அந்த மோதிர விரலுக்கு அடியில் இருந்தன. இது வெறும் பெட்டி. யார் சாகப் போகிறார்கள்?

"அதுதான் சார்."

கை இழுக்கவில்லை. கிழவர் தலையைத் திருப்பி இவன் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா பாத்துச் சொல்லு தம்பி. இதுதானே?"

"அதுதான் சார்."

இழுத்தார். நல்ல இன்ஜின் செத்தது. எரிந்துகொண்டிருந்ததும் கொஞ்சம் இருமிவிட்டு அடங்கியது. பெட்டிக்குள் அப்படி ஒரு அமைதி. பிறகு தரை மேலே ஏறி வந்தது. திரை சிவப்பாகி நின்றது.

பக்கத்து அறையில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. துணை விமானி முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள மெனக்கெட்டான்.

"சார் கை தப்பான சுவிட்சுக்குப் போச்சு" என்றாள் அவள்.

"ஆமாங்க. பாவம், வயசு..." என்று இழுத்தான்.

"போகச் சொன்னது நான். உங்களைக் கேப்டனாக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கணும்னு கம்பெனி சொல்லியிருந்தது. பெரியவர் தப்பு பண்ணா நீங்க தடுப்பீங்களா, இல்ல தலையாட்டுவீங்களான்னு. ரெண்டு புது விமானம் வருது. அதுல உங்களுக்கு இடது சீட்டு காலியாத்தான் இருந்தது. சார் எழுந்திருக்கணும்னு அவசியமே இல்ல."

முதல் சுற்றில் கிழவர் தத்தளித்தது நிஜம். அதைச் சொல்லலாமா என்று பார்த்தான். அதைக் கவனித்தவன் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பாள்.

"ஒரே கேள்வி. அந்தக் கையைப் பாத்தீங்களா, பாக்கலையா?"

பார்க்கவில்லை என்றால் கண்ணிருந்தும் கபோதி. இடது சீட்டுக்கு லாயக்கில்லை. பார்த்தேன் என்றால், பார்த்துக்கொண்டே விமானத்தை விழவைத்தவன். எந்த சீட்டுக்கும் லாயக்கில்லை. இரண்டில் எதைக் கடித்தாலும் வாய் கிழியும். எது சின்னக் கிழிசல் என்று யோசித்தான்.

"பாக்கல."

கிழவர் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் மையைத் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார்.

"பாக்கலைன்னே போட்டுக்கம்மா" என்றார். "பாத்தான்னு போட்டா வேலையே போயிடும். வீட்ல வயசான அப்பா இருக்காராம். என் பக்கத்துலயே கிடக்கட்டும், நான் பாத்துக்கறேன்."

வெளியே வந்ததும் இவன் தோளைத் தட்டினார். "உன் வயசுல எனக்கு இந்தக் குணம் உன்னைவிட ஜாஸ்தி. ஆனா நான் சங்கத்துல மேடை போட்டுச் செஞ்சேன். உனக்கு அதுக்குக்கூட வக்கில்ல."

இவன் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பார்த்ததாக ஆகிவிடும்.

வீட்டில் அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "என்னடா, உழுந்தானா?"

"தப்பிச்சிட்டான்."

அப்பா மகனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுமை சரிவதை நிறையப் பார்த்தவர். "அப்ப மூட்டை யாரு கால்ல உழுந்தது?" என்று கேட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கிளீனர் என்று அவர் கூப்பிடவில்லை. அதுதான் இவனுக்கு அதிகமாக உறைத்தது.

புது விமானங்கள் வந்தன. வரிசையில் இவனுக்குப் பின்னால் நின்ற ஒருவன் இடது பக்கம் போய் உட்கார்ந்தான். இவன் மறுபயிற்சி முடித்துத் திரும்பியபோது கிழவரே கேட்டு வாங்கி இவனைத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தார். புருவத்துக்குப் புது மை.

மேலே ஏறி விமானம் சமநிலைக்கு வந்ததும் பணிப்பெண் இரண்டு காகிதக் கோப்பைகளில் டீ வைத்துவிட்டுப் போனாள். கிழவர் மோதிர விரலால் ஒன்றைத் தொட்டார்.

"சர்க்கரை போடாதது இதுதானே தம்பி?"

"ஆமா சார்."

"ஆமாவா? நல்லா பாத்துச் சொல்லு."

துணை விமானி கோப்பையைப் பார்த்தான். விரலைப் பார்த்தான்.

"அதுதான் சார்."

கிழவர் உறிஞ்சிக் குடித்து முடித்தார். சீட்டைப் பின்னால் சாய்த்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு, "கொஞ்சம் பாத்துக்க" என்றார். குறட்டை வர அதிக நேரம் ஆகவில்லை.

இவன் ஓட்டினான்.