கல்லில் விழும் தண்ணீர்

பனிக்கட்டியின் மேல் சோற்றுப் பானை உட்கார்ந்திருக்கிறது, உள்ளே கொதித்த தண்ணீர், அடியில் கட்டி சத்தமில்லாமல் கரைய பானை விரலளவு விரலளவாக இறங்குகிறது, நான் முழங்காலூன்றி அதன் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டிருக்கிறேன், விட்டால் பானை குளத்துக்குள் போய்விடும், சுத்தியலால் ஒரு போடு போட்டால் நிமிட வேலை, ஆனால் சுத்தியல் கூடாது, மீனுக்கு உடம்பெல்லாம் காது, மேலே அடிக்கிற அடி அதன் நெஞ்சில் விழும் என்று தயாபரன் சொல்லியிருக்கிறார், என் கணவர், இந்தக் குளத்தை வெட்டியவர், செப்டம்பரிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு பக்கம் அசையாமல் கிடக்கிறவர், அவர் சொல்வதையெல்லாம் கேட்டுக் கேட்டே என் முழங்கால் போய்விட்டது, ஒருவழியாகப் பானையைத் தூக்குகிறேன், சாப்பாட்டுத் தட்டளவு ஓட்டை, அதிலிருந்து ஆவி கிளம்புகிறது, அடியிலிருக்கும் கெட்ட காற்று வெளியேற அது போதும், நாளைக்குள் மூடிவிடும், நாளைக்கும் வருவேன், வேறு யார் இருக்கிறார்கள்.

குளம் வெட்டிய அந்தக் கோடையில் அடுப்படி ஜன்னலில் நின்று பார்க்கிறேன், இந்த ஊரில் குளிர் மண்ணுக்குள் நாலடி இறங்குமாம், நாங்கள் ஐஞ்சடி இறங்குவம் என்கிறார், குழிக்கு மேலே தலை மட்டும் தெரிகிறது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தலையில் நரை போய் முடி கறுக்கிறது, இது இந்தக் குளிர்நாட்டு ஸ்காபரோ மண்ணா எங்கள் ஊர்க் கொக்குவில் வளவா என்று தடுமாறுகிறேன், அங்கேயும் இப்படித்தான் வெட்டினார், பங்கர், ஷெல்லுக்குப் பதுங்கும் குழி, மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டு, மாரி மழைக்கு அதற்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது, ஷெல் விழ விழ நாங்கள் இரண்டு பேரும் தவளைகளோடு தவளையாக அதற்குள் கைபிடித்து நின்றோம், திரும்பவும் பங்கரோ என்று ஜன்னலைத் திறந்து பகிடி விட்டேன், ஓமப்பா, இந்தமுறை தண்ணியை நானே விடப்போறன் என்றார். ஷெல் சத்தத்தைவிட அது ஓய்ந்த பிறகு வரும் அமைதிக்குத்தான் அவருக்குப் பயம், அடுத்தது எங்கே விழும் என்று தெரியாத அமைதி, இங்கே வந்து முப்பது வருடமாகியும் வீதி ஓய்ந்தால் எழும்பி உட்கார்ந்துவிடுவார், அதற்காகவே குளத்தின் தலைமாட்டில் கல்லடுக்கி நீர்வீழ்ச்சி கட்டினார், பம்பு தண்ணீரை மேலே ஏற்றும், அது கல்கல்லாக விழுந்து திரும்பக் குளத்துக்கு வரும், பிறகு நிறநிறமான அலங்கார மீன், கோய் மீன், ஏழு வாங்கி விட்டார், கைகட்டி மேற்பார்வை பார்ப்பதுபோலச் சுற்றும் பெரிய வெள்ளைக்குச் சட்டம்பியார் என்று பெயர் வைத்தார், வாத்தியார் வேலை பார்த்த தன் தகப்பனைப்போல நடக்குதாம், மீனுக்கு நடை வேறு.

ஒவ்வொரு நவம்பரும் முதல் கிழமையிலேயே தண்ணீரை நிறுத்திவிடுவார், நிறுத்தாவிட்டால் கல்லெல்லாம் ஐஸ் கட்டி, தண்ணீர் வழிமாறிக் கரைக்கு வெளியே ஓடி, குளம் வற்றிவிடும், இந்தமுறை பாதி நாக்கால் சொன்னார், நிப்பாட்ட நான் வந்திடுவன், நீர் தொடாதையும். நான் காலையில் இரண்டு பஸ் மாறிப் போய் அவருக்குச் சோறு ஊட்டிவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்து, நாலு மணிக்குப் போனை எடுத்துக்கொண்டு கல்லடிக்குப் போவேன், தண்ணீர் விழும் சத்தம் கேட்க ஆஸ்பத்திரியில் நேர்ஸ் பெண் போனை அவர் காதில் வைப்பாள், கண்ணை மூடிக் கேட்கிறார், பிறகு மருந்தில்லாமல் தூங்குகிறார் என்று சொன்னாள், அதைக் கேட்ட பிறகு எந்த மனசால் நிறுத்துவது, நிறுத்தினால் குளிர் வந்துவிட்டது, தான் வீட்டுக்கு வரவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடுமே, நவம்பர் போயிற்று, கல்லில் ஐஸ் மெழுகுபோல வழிந்து தடித்தது, வடிவாகத்தான் இருந்தது, நான் பாவி பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நாள் காலை பார்த்தால் தண்ணீர் ஐஸுக்கு அடியால் வேலிப்பக்கம் ஓடியிருக்கிறது, குளம் பாதி, ஆழமில்லாத மேல்தட்டில் அகப்பட்ட சின்ன மீன் சிவப்பன் விறைத்துக் கிடந்தான், பம்பைப் பிடுங்கினேன், குழாய்த் தண்ணீரில் குளோரினைப் போக்கும் மருந்து கலந்து கலந்து வாளி வாளியாகச் சுமந்தேன், எத்தனை வாளி என்று என் இடுப்பைத்தான் கேட்க வேண்டும், சிவப்பனை ரோஜாச் செடியடியில் புதைத்தேன், மண் உறைந்து கிடந்தது, அழுகை அழுகையாக வந்தது, அன்று நாலு மணிக்குக் குளியலறைக் கதவைச் சாத்தி, தொட்டிக்குழாயைத் திறந்து, போனைக் கிட்ட பிடித்தேன், ம் என்றார், அவ்வளவுதான், முப்பத்தெட்டு வருடத்தில் அவருக்கு நான் சொன்ன முதல் பொய் தண்ணீரால் சொன்ன பொய்.

அந்தப் பொய்க்கு இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள், ஓட்டையில் அவர் வழக்கமாகப் போடும் சூடாக்கி எந்தப் பெட்டியில் என்று கேட்டால் அகப்பட்டுவிடுவேன், அதனால்தான் இந்தப் பானைச் சேவகம், பானையை அடுப்படியில் வைத்துவிட்டு ஈரச் சட்டையோடேயே குளியலறைக்குப் போகிறேன், குழாயைத் திறக்கிறேன், போனைக் கிட்டப் பிடிக்கிறேன், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைத்து, குழாயைப் பூட்டுமப்பா என்கிறார். பூட்டுகிறேன். எப்ப தெரியும் என்று கேட்கிறேன். முதல் நாளே, கல்லிலை விழுற தண்ணி எனக்குத் தெரியாதோ, நீர் மினக்கெட்டுக் குழாயைத் திறந்து வைக்கிறீர், அதுதான் பேசாமல் கேட்டனான். நான் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் இருக்கினமோ என்கிறார், ஆறு என்கிறேன், சட்டம்பியாரோ என்கிறார், அவர் இருக்கிறாரப்பா என்கிறேன், சரி, சூடாக்கி கார் விடுற கராச்சிலை நீல வாளிக்குள்ளை, பழைய துவாய்க்குக் கீழை கிடக்கு, எடுத்துப் போடும், உம்மடை முழங்கால் என்னத்துக்கு ஆகும், எனக்கு வீட்டை வரச் சித்திரையும் ஆகும், வராமலும் விடுவன், அதைப் பிறகு பாப்பம்.

அது அங்கேதான் இருந்தது, வயரைச் சுற்றி அவர் போட்ட முடிச்சு அப்படியே, செருகிவிட்டு ஓட்டையில் மிதக்க விடுகிறேன், போனை அதிலை வையும் என்கிறார், ஒண்டும் கேக்காதப்பா என்கிறேன், கேக்காட்டிப் பரவாயில்லை, வையும். அதே இடத்தில் முழங்காலூன்றி இருக்கிறேன், கையில் பானை இல்லை, ஓட்டைக்கருகே பனிக்கட்டியின் மேல் போன், அடியில் வெள்ளையாக ஒன்று வாலை லேசாகத் திருப்புகிறது, எங்கும் ஒரு சத்தமில்லை, எங்கள் இரண்டு பேருக்கும் இந்த அமைதி பயமாகத்தான் இருக்கிறது, போனை நிப்பாட்டட்டோ என்று கேட்கிறேன், இல்லை, கொஞ்சம் இரும் என்கிறார்.